குளியல் பொடியில் என்ன விதை இருக்கிறது என்பதை உறையில் எழுத வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வார இணைப்பில் வெளிவரும் சருமப் பராமரிப்புக் குறிப்புகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். பச்சைப்பயறு, கடலை, பாதாம், வெந்தயம், கசகசா, கார்போக அரிசி என்று ஏதேனும் ஒரு விதையை அரைத்து முகத்திலும் உடலிலும் தேய்க்கச் சொல்லும் செய்முறை ஏறத்தாழ ஒவ்வொரு இதழிலும் இடம்பெறுகிறது; அதன் அருகிலேயே 'முற்றிலும் இயற்கையானது, பக்க விளைவு அற்றது' என்ற உறுதிமொழியும் அச்சாகிறது. மருந்தாக்கியல் கற்பித்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில் இது குறித்துச் சிலவற்றைத் தங்கள் வாசகர்களிடம் சொல்ல விரும்புகிறேன். விதை மாவு தேய்த்துக் குளிக்கும் வழக்கத்தை நான் எதிர்க்கவில்லை. எங்கள் வீட்டில் இன்றும் சோப்பைவிடப் பயத்தம் மாவுக்கே மதிப்பு அதிகம். ஆனால், அது பெட்டியிலும் பொட்டலத்திலும் அடைக்கப்பட்டு விற்பனைக்கு வந்துவிட்ட இக்காலத்தில், உள்ளே இருப்பது எந்த விதை, எவ்வளவு நுண்மையாக அரைக்கப்பட்டது, யார் அதைத் தவிர்க்க வேண்டும் என்ற மூன்றையும் உறையின் மீது தமிழில் எழுதியாக வேண்டும் என்பதே என் கோரிக்கை.

விதைத் தூள்கள் உலகச் சந்தையில் திடீரென்று மதிப்புப் பெற்றதற்குப் பின்னால் ஒரு நல்ல காரணம் இருக்கிறது. முகத்திலுள்ள இறந்த செல்களைத் தேய்த்து அகற்றுவதற்கான 'ஸ்கிரப்' களிம்புகளில் பல ஆண்டுகளாகப் பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன நுண்மணிகளே கலக்கப்பட்டு வந்தன. கழுவியவுடன் சாக்கடையில் இறங்கும் இம்மணிகள், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் முழுமையாகப் பிடிபடாமல் ஆற்றுக்கும் ஏரிக்கும் கடலுக்கும் போய்ச் சேர்ந்தன. வட அமெரிக்காவின் பேரேரிகளில் 2012-ஆம் ஆண்டு நீர் மாதிரிகளை எடுத்து ஆராய்ந்தவர்கள், அழகுப்பொருள்களில் இருந்து வந்திருக்கக்கூடிய பிளாஸ்டிக் மணிகளை அங்கே கண்டனர். அதன் பிறகு அமெரிக்கா 2015-இல் சட்டம் இயற்றி, கழுவி நீக்கும் அழகுப்பொருள்களில் இம்மணிகளைச் சேர்த்துத் தயாரிப்பதை 2017 ஜூலை முதல் தடை செய்தது. பிரிட்டன் 2018-இல் தடை விதித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விரிவான விதிமுறை 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டில் இந்தியத் தர நிர்ணய அமைவனம், அழகுப்பொருள்களுக்குப் பாதுகாப்பானவை அல்ல என்று ஒதுக்கிய பொருள்களின் பட்டியலில் 2017-இல் இந்நுண்மணிகளையும் சேர்த்தது. பிளாஸ்டிக் வெளியேறியபோது ஏற்பட்ட வெற்றிடத்தை நிரப்ப வந்தவைதாம் ஏப்ரிகாட் கொட்டைத் தூள், அக்ரூட் ஓட்டுத் தூள், திராட்சை விதைத் தூள், ராஸ்பெர்ரி விதை, ஹொஹோபா விதையின் எண்ணெயைக் கெட்டிப்படுத்தி உருட்டிய மெழுகு மணிகள் முதலியன. இவை மட்கிப் போகும். மீனின் வயிற்றில் ஆண்டுக்கணக்கில் தங்காது. நீர்நிலைகளின் பொருட்டு இந்த மாற்றத்தை மனமார வரவேற்க வேண்டும்.

ஆயினும் நீர்நிலைக்கு நல்லது என்பதாலேயே அது தோலுக்கும் நல்லதாகிவிடாது. முகத்திலும் கையிலும் நம் மேல்தோலின் வெளியடுக்கு, அதாவது இறந்த செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த பகுதி, சுமார் 10 முதல் 20 மைக்ரான் தடிமனே உடையது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உள்ளிருந்து நீர் வெளியேறாமலும் வெளியிலிருந்து கிருமி நுழையாமலும் காப்பது அந்த மெல்லிய அடுக்குதான். அது தானாகவே உதிர்ந்து தானாகவே புதுப்பித்துக்கொள்கிறது. இளம் வயதினருக்கு இச்சுழற்சி ஏறத்தாழ 4 வாரங்களில் நிகழ்கிறது, வயது ஏற ஏற அது மெதுவாகிறது. விதை மாவு செய்வதெல்லாம், உதிரவிருக்கும் செல்களைச் சற்று முன்னதாக உதிர்த்துவிடுவதும், எண்ணெய்ப் பசையை உறிஞ்சி எடுப்பதும்தான். பச்சைப்பயற்றில் ஏறத்தாழ 24 சதவீதம் புரதமும் 60 சதவீதம் அளவுக்கு மாவுச்சத்தும் உள்ளன. நன்றாகச் சலித்த பயத்தம் மாவு நீரில் குழைந்ததும் மென்மையாகிவிடுகிறது. விரலுக்கும் தோலுக்கும் இடையில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் அது அளவாகவே எண்ணெயை எடுக்கிறது, தோலை வறள விடுவதில்லை. நம் முன்னோர் நூற்றுக்கணக்கான விதைகளுக்கு நடுவே பயற்றைத் தேர்ந்தெடுத்ததில் கூர்ந்த அனுபவ அறிவு இருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

கொட்டை ஓடுகளின் தூளுக்கு இந்தக் குணம் கிடையாது. அக்ரூட் ஓட்டை உடைத்துத் தூளாக்கினால் கிடைப்பவை கூர்முனைகள் கொண்ட சில்லுகள். அவை நீரில் ஊறிக் குழைவதில்லை. உலோகப் பாகங்களின் மீது படிந்த துருவையும் பழைய வண்ணப்பூச்சையும் அகற்றுவதற்குக் காற்றழுத்தத்தோடு பீய்ச்சப்படும் பொருள்களில் அக்ரூட் ஓட்டுத் தூளும் ஒன்று என்பதைத் தொழிற்சாலைகளில் பணிபுரிவோர் அறிவர். அத்தகைய தூள் கலந்த ஸ்கிரப் ஒன்று தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்குகிறது என்று 2016-இல் கலிபோர்னியாவில் வழக்கு தொடுக்கப்பட்டது. கீறல்களால் தீங்கு விளைந்ததாகப் போதிய சான்று இல்லை என்று கூறி 2018-இல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. இவ்விரு செய்திகளையும் சேர்த்தே சொல்வதுதான் நேர்மை. ஒரு தூள் எல்லோருடைய முகத்தையும் கிழித்துவிடும் என்று அச்சுறுத்தத் தேவையில்லை. அதே சமயம் துகளின் பருமனும் வடிவமும் பொருட்டே அல்ல என்று வாளாவிருக்கவும் முடியாது.

வீட்டில் அரைப்போருக்கு இதில் ஓர் எளிய வழி உண்டு. மாவு மில்லில் அரைத்து வாங்கிய பொடியை அப்படியே பயன்படுத்தாமல், மெல்லிய பருத்தித் துணியில் வஸ்திரகாயம் செய்து, அதாவது துணி வழியே சலித்து, துணியின் மேல் தங்கும் கப்பியை முகத்திற்குப் பயன்படுத்தாமல் ஒதுக்கிவிட வேண்டும். தொழில்முறையில் செய்வோர் 100 கண் சல்லடையை (ஓர் அங்குல நீளத்தில் 100 துளைகள் உள்ளதை) பயன்படுத்தினால் ஏறத்தாழ 150 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் நின்றுவிடும். 200 கண் சல்லடையில் 75 மைக்ரானுக்கு மேற்பட்டவை நின்றுவிடும். குதிகாலுக்கும் முழங்கைக்கும் ஏற்ற கரகரப்பு கன்னத்திற்கு ஏற்றதன்று. ஆகவே 'உடலுக்கு மட்டும்', 'முகத்திற்கும் ஏற்றது' என்று பிரித்து எழுதுவது விற்பவருக்குப் பெரிய சுமையாக இராது.

இதில் நம் ஊர்த் தோலுக்கென்று ஒரு தனிச் செய்தியும் உண்டு. மாநிறமும் கருநிறமும் உடைய தோல், உராய்வுக்கும் அழற்சிக்கும் கருமையைக் கூட்டிக்கொண்டே பதில் சொல்லும். நைலான் நாரையும் சொரசொரப்பான துணியையும் கொண்டு நாள்தோறும் அழுத்தித் தேய்ப்பவர்களின் தோள்பட்டை, கழுத்து எலும்பு, முதுகு ஆகிய இடங்களில் கருமை படர்வதைத் தோல் மருத்துவர்கள் அன்றாடம் பார்க்கிறார்கள். அக்கருமையை அழுக்கென்று எண்ணி மேலும் அழுத்தித் தேய்க்கத் தேய்க்க அது மேலும் கருக்கிறது. முகப்பரு உள்ளவர்கள் பருவின் மீது எந்தத் தூளையும் தேய்ப்பது அழற்சியைப் பெருக்கி, பரு போன பிறகும் கரும்புள்ளியை நிலைநிறுத்திவிடும். நிறத்தை வெளுப்பாக்கும் என்ற ஆசை காட்டி விற்கப்படும் பொடி, தேய்த்த தேய்ப்பினாலேயே கருமையைக் கூட்டிவிடுவதைப் பலர் உணர்வதில்லை. பெண் பிள்ளைகளிடம் அந்த ஆசையைத் தூண்டுவதே தவறு என்பது என் உறுதியான கருத்து.

நான் இக்கடிதத்தை எழுதத் தூண்டியது கார்போக அரிசிதான். நாட்டு மருந்துக் கடைகளில் நலங்கு மாவுக்கென்று கட்டித் தரப்படும் பொட்டலங்களில் பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா இதழ் ஆகியவற்றோடு கார்போக அரிசியும் இடம்பெறுவதைப் பலர் கண்டிருக்கலாம். நெல்லோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத இது, வடநாட்டில் பாகுசி என்று வழங்கும் ஓர் அவரைக் குடும்பச் செடியின் விதை. கருநிறமும் தட்டையான சிறு உருவும் தனித்த மணமும் உடையது. இவ்விதையிலிருந்து சோரலென் என்னும் வேதிப்பொருளை 1933-இல் பிரித்தெடுத்து அறிவித்தவர்கள் இந்திய வேதியியலாளர்களே. சோரலென் தோலில் ஊறியிருக்கும் நிலையில் சூரிய ஒளியின் புற ஊதா ஏ கதிர்கள் பட்டால், அது செல்களின் மரபணு இழைகளோடு பிணைந்து, வெயிலின் தாக்கத்தைப் பன்மடங்கு பெருக்கிவிடுகிறது. சிவத்தலும் எரிச்சலும் உடனே தெரிவதில்லை; ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துத் தெரியும், கடுமையானால் கொப்புளமும் எழும். அது ஆறிய இடத்தில் பழுப்புக் கருமை வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் தங்கிவிடும்.

இதே குணத்தை நோய் தீர்க்கப் பயன்படுத்திக்கொண்டவர்களும் உண்டு. வெண்புள்ளிக்குச் சித்த, ஆயுர்வேத மருத்துவர்கள் இவ்விதையை நெடுங்காலமாகக் கையாண்டு வந்திருக்கிறார்கள். 1970-களில் இருந்து நவீன மருத்துவம் சோரலெனையும் புற ஊதா ஏ கதிரையும் இணைத்துச் செதில் படை நோய்க்கும் வெண்புள்ளிக்கும் சிகிச்சை அளித்தது. அச்சிகிச்சையில் மருந்தின் அளவு, கதிரின் அளவு, கண்ணுக்குப் பாதுகாப்பு எல்லாம் மருத்துவரின் கண்காணிப்பில் நிகழும். அப்படிக் கண்காணிக்க வேண்டிய ஒரு விதையை, அளவு சொல்லாமல், 'மேனி மினுமினுக்கும்' என்று மட்டும் சொல்லிக் குளியல் பொடியில் கலப்பது எவ்வாறு பொருந்தும்? பூசி உடனே கழுவிவிட்டால் தோலில் ஊறுவது குறைவாகவே இருக்கும்; ஆனால் தயிரில் குழைத்து முகத்தில் 20 நிமிடம் காயவிடச் சொல்லும் செய்முறைகளும் வருகின்றன. அதைக் காலையில் செய்துவிட்டு, பங்குனி, சித்திரை வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பெண்ணையும், வயல் வேலைக்கு இறங்கும் பெண்ணையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் அழகுப்பொருள் விதிகள் சோரலென் வகைப் பொருள்களைத் தடை செய்து, இயற்கை வாசனைச் சாறுகளில் தாமாகவே அமைந்திருக்கும் அளவுக்கு மட்டும் விலக்களிக்கின்றன. வெயில் காப்புக் களிம்புகளில் அதுவும் ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தாக வேண்டும் என்கின்றன.

இன்னொரு செய்தியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இப்போது கடைகளில் விலையுயர்ந்த சீசாக்களில் வரும் பாக்குச்சியோல் என்னும் சருமப் பூச்சுப் பொருள் இந்த விதையிலிருந்தே எடுக்கப்படுகிறது. 2019-இல் பிரிட்டிஷ் தோல் மருத்துவ இதழில் வெளியான 12 வார ஒப்பீட்டு ஆய்வில், 0.5 சதவீதப் பாக்குச்சியோல், சுருக்கங்களையும் கருமையையும் குறைப்பதில் அதே அளவு ரெட்டினாலுக்கு (சுருக்கங்களுக்குப் பூசப்படும் வைட்டமின் ஏ வகைப் பொருள்) நிகராக இருந்தது. எரிச்சல் குறைவாகவே இருந்தது. இதைக் காட்டி, 'விலை கொடுத்துச் சீசா வாங்குவதேன், கார்போக அரிசியை அரைத்துப் பூசுங்கள்' என்று அறிவுரை சொல்வோர் பெருகியிருக்கிறார்கள். ஆய்வில் பயன்பட்டது சுத்திகரித்துப் பிரித்தெடுத்த ஒரு பொருள். அரைத்த விதையிலோ பாக்குச்சியோலும் சோரலெனும் சேர்ந்தே இருக்கின்றன. பிரித்தெடுத்த பொருளின் நன்மையைச் சொல்லி அரைத்த விதையை விற்பது தவறு.

அடுத்து, கைக்குழந்தைகள். 'குழந்தைகளுக்கான நலங்கு மாவு' என்று தனியாகவே விற்கப்படுகிறது; பிறந்த சில வாரங்களிலேயே கடலை மாவும் பயத்தம் மாவும் தேய்க்கப்படுகின்றன. குழந்தையின் தோல் பெரியவர்களுடையதைவிட மெல்லியது, காப்புத் திறன் முதிராதது. கரப்பான் போன்ற தோல் வறட்சியும் அரிப்பும் உள்ள குழந்தைக்கு அக்காப்பு மேலும் குறைவு. உணவுப் புரதம் வாய்வழியே வயிற்றுக்குப் போகும் முன் புண்பட்ட தோல் வழியே உடலுக்குள் நுழைந்தால், உடல் அதைப் பகையாகக் கருதி ஒவ்வாமையை வளர்த்துக்கொள்ளக்கூடும். 2003-இல் பிரிட்டனில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட ஆய்வு, தோல் அழற்சிக்கு நிலக்கடலை எண்ணெய் கலந்த களிம்பு பூசப்பட்டதற்கும் பின்னாளில் நிலக்கடலை ஒவ்வாமை தோன்றியதற்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. ஜப்பானில் இதைவிடப் பெரிய அளவில் நடந்தது. நீரால் சிதைக்கப்பட்ட கோதுமைப் புரதம் கலந்த முகம் கழுவும் சோப்பு ஒன்றைப் பயன்படுத்தியவர்களில் 2,000-க்கும் மேற்பட்டோர் கோதுமை ஒவ்வாமைக்கு ஆளாயினர். அதுவரை நிம்மதியாக ரொட்டி தின்றவர்கள், தின்றபின் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குச் சென்றனர். 2011-இல் அச்சோப்பு திரும்பப் பெறப்பட்டது. நம் வீட்டுப் பயத்தம் மாவு அந்தச் சோப்பைப் போன்றது என்று நான் கூறவில்லை. ஆனால் கடலை, எள், நிலக்கடலை, பாதாம், கடுகு ஆகியவை ஒவ்வாமை தருவனவாக அறியப்பட்டவை. கரப்பான் உள்ள குழந்தையின் தோலில் இவற்றின் மாவைத் தேய்க்கும் முன் தாய்மார் மருத்துவரிடம் கேட்க வேண்டும், பொடியில் இவை இருப்பதை உறை அவர்களுக்குச் சொல்ல வேண்டும். உலர்ந்த பொடியைக் குழந்தையின் முகத்தருகே தட்டுவதும் கூடாது. மூச்சோடு உள்ளே போகும்.

கிருமிகள் குறித்துச் சுருக்கமாகச் சொல்கிறேன். விதைகள் மண்ணில் விளைபவை, களத்தில் உலர்பவை. வெப்பத்திலும் சாகாத பாக்டீரிய வித்துகள் அவற்றின் மேல்தோலில் ஒட்டியிருப்பது இயல்பு. அழகுப்பொருள்களுக்கான பன்னாட்டுத் தர வரையறை, பெரியவர்களுக்கான பொருளில் ஒரு கிராமுக்கு 1,000 நுண்ணுயிர்கள் வரையும், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கண்ணைச் சுற்றிலும் பயன்படுத்துவனவற்றில் 100 வரையும் மட்டுமே ஏற்கிறது. பெரிய நிறுவனங்கள் விதைத் தூளை வெப்பத்தாலோ காமா கதிராலோ சுத்தப்படுத்திய பிறகே களிம்பில் சேர்க்கின்றன. வீட்டில் பொடி நன்கு உலர்ந்திருக்கும்வரை கெடுதல் குறைவு. ஈரக் கையை டப்பாவுக்குள் விடுவதும், குழைத்து மீந்ததை மறுநாளைக்கு எடுத்து வைப்பதும்தான் கேடு. மில்லில் சீயக்காய்க்கென்று தனி இயந்திரம் வைத்திருப்பவரிடமே அரைக்கக் கொடுக்க வேண்டும்; மிளகாய் அரைத்த இயந்திரத்தில் அரைத்த குளியல் பொடி கண்ணில் பட்டவர்களுக்கு அதன் வேதனை தெரியும்.

இனி, செய்ய வேண்டியது பற்றி. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப்பொருள்கள் சட்டமும் 2020-ஆம் ஆண்டின் அழகுப்பொருள்கள் விதிகளும் நடைமுறையில் இருக்கின்றன. விற்பனைக்காகத் தயாரிப்பவர் உரிமம் பெற வேண்டும் என்றும், ஒரு சதவீதத்துக்கு மேற்பட்ட மூலப்பொருள்களை எடை வரிசையில் உறையில் எழுத வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. எனவே புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. தேவைப்படுவது, வீட்டிலிருந்து பொடி தயாரித்து அலைபேசி வழியே விற்று நான்கு காசு பார்க்கும் பெண்களுக்கு அந்த விதிகளை எட்டச் செய்வதுதான். அவர்களைக் குற்றவாளிகளாக நடத்தி, நோட்டீஸ் அனுப்பி, தொழிலை மூடச் செய்வதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். கணவனை இழந்தவர்களும், குழந்தையை விட்டு வேலைக்குப் போக இயலாதவர்களும் அத்தொழிலால் குடும்பம் நடத்துகிறார்கள். உரிமக் கட்டணமும் ஆய்வகக் கட்டணமும் தனித்தனியே ஒவ்வொருவராலும் தாங்கக்கூடியவை அல்ல. மகளிர் சுய உதவிக் குழுக்களை வழிநடத்தும் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம், மாவட்டத்துக்கு ஒரு பொது அரைவைக் கூடத்தையும், ஈரப்பதமும் நுண்ணுயிர் எண்ணிக்கையும் பார்க்கும் சிறு ஆய்வு வசதியையும் ஏற்படுத்திக் கொடுத்தால், ஒரே உரிமத்தின் கீழ் பலர் தொழில் செய்யலாம். குழுக்களின் பொருள்களை 'மதி' என்ற பெயரில் ஏற்கெனவே சந்தைப்படுத்தி வரும் அந்நிறுவனத்துக்கு இது இயலாத செயலன்று. நாட்டு மருந்துக் கடைக்காரர்களும் ஒன்றைச் செய்யலாம்: பொட்டலம் கட்டும்போது கார்போக அரிசியைக் கலவையில் சேர்க்காமல், கேட்பவருக்கு மட்டும் தனியாகக் கொடுத்து, பூசிக்கொண்டு வெயிலில் போகக்கூடாது என்று வாயால் சொல்லலாம்.

தங்கள் நாளிதழிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. விதை மாவுச் செய்முறைகளை வெளியிட வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. பயத்தம் மாவு இந்த மண்ணின் நல்ல பழக்கம், அது இளைய தலைமுறைக்குப் போய்ச் சேரட்டும். ஆனால் கார்போக அரிசி இடம்பெறும் செய்முறை எதுவாயினும், அதைப் பூசிய நாளில் வெயிலைத் தவிர்க்க வேண்டும் என்பதையும், கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவர் சொல்லாமல் பயன்படுத்தக் கூடாது என்பதையும் அதே பத்தியில், அதே எழுத்தளவில் அச்சிடுமாறும், தோல் மருத்துவர் ஒருவரும் சித்த மருத்துவர் ஒருவரும் சேர்ந்து பார்த்த பிறகே அத்தகைய குறிப்புகளை வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி,
தஞ்சாவூர்